கேமராவை ஏன் கீழே போடவில்லை? ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ பார்த்துவிட்டு

பேய்ப்படம் பார்க்க உட்காருகிறவர்கள் யாரும் பேய் உண்டா இல்லையா என்று வழக்காடுவதில்லை. படம் ஓடுகிற நேரத்துக்கு உண்டு என்று வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். அவநம்பிக்கையை நாமாக விரும்பிக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைக்கிறோம் என்று ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1817-லேயே இதைச் சொல்லிவைத்துவிட்டார். ஆனால் ஃபவுண்ட் ஃபுட்டேஜ் படம், அதாவது கதையில் வருகிறவர்களே எடுத்து, அவர்கள் செத்த பிறகு யார் கையிலோ கிடைத்ததாகச் சொல்லப்படும் படம் என்று வந்துவிட்டால், இதே தாராள மனசுக்காரர்கள் கறாராகிவிடுகிறார்கள். சுவரிலிருந்து கை நீண்டால் சரி, கதவு தானாகச் சாத்திக்கொண்டால் சரி, ஆனால் “உயிருக்குப் பயந்து ஓடுகிறவள் எதுக்கு கேமராவைத் தூக்கிக்கிட்டு ஓடுறா?” என்று கேட்காமல் விடமாட்டார்கள். என்னைக் கேட்டால் அது ரொம்பச் சரியான கேள்வி. இந்த வகையில் ஒரு படம் தேறுமா தேறாதா என்பதை அதற்கு அந்தப் படம் என்ன பதில் வைத்திருக்கிறது என்பதை வைத்துத்தான் நான் முடிவு செய்வேன்.

1999-ல் வந்த ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’டை மறுபடி பார்த்து முடித்த சூட்டில் எழுதுகிறேன். டேனியல் மிரிக், எடுவார்டோ சான்செஸ் என்ற இருவர் சேர்ந்து இயக்கியது, ஓடுவது 80 நிமிடத்துக்குச் சற்று மேல். கதையை முதலில் வரும் எழுத்திலேயே சொல்லி முடித்துவிடுகிறார்கள்: 1994 அக்டோபரில் மூன்று சினிமா மாணவர்கள் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பர்கிட்ஸ்வில் என்ற ஊரை ஒட்டிய காட்டுக்குள் ஆவணப்படம் எடுக்கப் போய்க் காணாமல் போனார்கள், ஒரு வருடம் கழித்து அவர்கள் எடுத்தது மட்டும் கிடைத்தது. ஹெதர் இயக்குநர், ஜோஷ் கேமரா, மைக் ஒலிப்பதிவு. அந்தக் காட்டில் ஒரு சூனியக்காரி இருந்ததாக ஊரில் ஒரு கதை, அதைப் பற்றித்தான் ஆவணப்படம். மூன்று பேரும் பிழைக்கமாட்டார்கள் என்று தெரிந்தேதான் பார்க்கத் தொடங்குகிறோம். நான் கடைசிக் காட்சி வரை பேசப்போகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள், இந்தப் படத்தை முதல் தடவை பார்ப்பதை யாருக்கும் நான் கெடுக்க விரும்பவில்லை.

படம் எடுக்கப்பட்ட விதத்தைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச முடியாது. ஹெதர் டோனஹ்யூ, ஜோஷுவா லெனர்ட், மைக்கேல் வில்லியம்ஸ் மூன்று பேரும் சொந்தப் பெயரிலேயே நடித்தார்கள். 1997 அக்டோபரில் எட்டே நாள் படப்பிடிப்பு. நாம் திரையில் பார்ப்பதை எடுத்தவர்களும் அவர்கள்தான். கையில் ஒரு ஜிபிஎஸ் கருவியைக் கொடுத்து, இன்ன இடத்துக்கு வந்துசேருங்கள் என்று சொல்லிவிட்டு இயக்குநர்கள் கண்ணில் படாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். போய்ச் சேரும் இடத்தில் ஃபிலிம் டப்பாவுக்குள் ஆளுக்கொரு சீட்டு இருக்கும், ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. வசனம் எழுதித் தரவில்லை. சூழ்நிலையையும் மனநிலையையும் மட்டும் சொல்லிவிடுவார்கள், பேச வேண்டியதை அவர்களே பேசிக்கொள்ள வேண்டும். சாப்பாட்டை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ராத்திரியில் டென்ட்டைச் சுற்றி நடந்து சுள்ளி முறிகிற சத்தம் கொடுத்தார்கள், குழந்தைகள் குரலைப் பதிவு செய்த டேப்பை இருட்டுக்குள் ஓடவிட்டார்கள், டென்ட்டையே பிடித்து உலுக்கினார்கள். இப்படிக் கிடைத்த ஏறக்குறைய 20 மணி நேரத்திலிருந்து கழித்துக் கழித்து எடுத்ததுதான் இந்தப் படம்.

இதன் பலன் முகத்தில் தெரிகிறது. முதல் நாள் காருக்குள் கத்திச் சிரித்துக்கொண்டு, சூப்பர் மார்க்கெட்டில் தின்பண்டம் வாங்கி, ஒருவரை ஒருவர் படம் பிடித்து விளையாடுகிற அதே ஆட்கள் நாலைந்து நாளில் பேசுவதற்கே சலித்துக்கொள்கிறார்கள். யாரோ நடிக்கிறார்கள் என்ற நினைப்பே வருவதில்லை. பசியும் ஈரமும் தூக்கமில்லாததும் ஒரு மனுஷனை எப்படிச் சிடுசிடுக்க வைக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். சூனியக்காரியை நாம் பார்த்ததில்லை, ஆனால் பட்டினி கிடந்து எரிந்து விழுகிறவனைப் பார்த்திருக்கிறோம். படம் நமக்குத் தெரிந்ததை முதலில் அச்சுப்பிசகாமல் காட்டிவிடுகிறது, அதன் பிறகு தெரியாததைக் கொண்டுவந்தால் மறுக்க மனசு வருவதில்லை.

வரைபடம் காணாமல் போகும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெதர்தான் வரைபடம் வைத்திருந்தாள், அவள்தான் வழி சொல்லிக்கொண்டிருந்தாள், அவளுக்கு வழி தெரியவில்லை என்பது மற்ற இருவருக்கும் தெரிந்துபோயிருந்தது. ஒரு நாள் வரைபடத்தைக் காணோம். ஆளாளுக்குப் பழி போடுகிறார்கள். அப்புறம் மைக் சிரிக்க ஆரம்பிக்கிறான். எந்த உபயோகமும் இல்லாத வரைபடம் என்று அதை ஓடையில் உதைத்துத் தள்ளியது தான்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். படம் முழுக்க எனக்கு மிகவும் குலை நடுங்கிய இடம் அதுதான், பேய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கூட வந்தவனே இப்படிச் செய்யக்கூடியவன் என்று தெரிந்த பிறகு அந்தக் காட்டில் இனி என்னவும் நடக்கலாம். நாள் முழுக்கத் திசைகாட்டியைப் பார்த்து ஒரே திசையில் நடந்து, சாயங்காலம் காலையில் தாண்டிய அதே மரக்கட்டைக்கே வந்து நிற்கிறார்கள். அது நடக்க முடியாத விஷயம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குள் அவர்களுடைய நிதானம் கைவிட்டுப்போனதை நாம் நேரில் பார்த்துவிட்டதால், வழி தப்பியது காட்டாலா அவர்களாலா என்று அவர்களைப் போலவே நாமும் குழம்புகிறோம்.

சரி, கேமராவுக்கு வருவோம். அவர்களிடம் இரண்டு கேமரா. ஒன்று 16 எம்எம் ஃபிலிம் கேமரா, கறுப்பு வெள்ளை, ஆவணப்படத்துக்காகக் கொண்டுவந்தது. இன்னொன்று ஹை8 வீடியோ கேமரா, கலர், தாங்கள் படம் எடுப்பதையே வேடிக்கையாக எடுத்துவைக்க. கறுப்பு வெள்ளையில் ஹெதர் கல்லறைக்குப் பக்கத்தில் நின்று கணீரென்று வர்ணனை சொல்கிறாள், அது அவள் எடுக்க நினைத்த படம். கலரில் வருவதெல்லாம் அவள் கைக்கு அடங்காமல் நடந்துகொண்டிருப்பது. போகப் போகக் கறுப்பு வெள்ளை குறைந்து கலர் பெருகுகிறது, ஒரு கட்டத்துக்கு மேல் ஆவணப்படம் என்று ஒன்று இருந்ததே மறந்துபோகிறது. ஆனாலும் அவள் எடுப்பதை நிறுத்துவதில்லை. மற்ற இருவரும் திட்டுகிறார்கள், கெஞ்சுகிறார்கள், அணைத்துத் தொலை என்கிறார்கள். ஒரு கட்டத்தில் ஜோஷ் கேமராவை வாங்கிப் பார்த்துவிட்டு, இது உனக்கு ஏன் பிடித்திருக்கிறது என்று இப்போது புரிகிறது, இதன் வழியாகப் பார்த்தால் எதுவுமே முழு நிஜமாகத் தெரிவதில்லை என்கிற அர்த்தத்தில் அவளிடம் சொல்கிறான். நாம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியைப் படத்துக்குள்ளேயே ஒருவன் கேட்டு, பதிலையும் சொல்லிவிடுகிறான்.

அந்தப் பதிலை நான் முழுசாக ஏற்றுக்கொள்கிறேன். பயந்தவர்கள் எல்லாரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவதில்லை, சிலர் கையிலிருப்பதை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஹெதரைப் பொறுத்தவரை கேமரா ஓடுகிற வரைக்கும் அவள் இயக்குநர், இது அவளுடைய படப்பிடிப்பு, எல்லாம் இன்னும் அவள் திட்டத்துக்குள் இருக்கிறது. அணைத்துவிட்டால் அவள் இரண்டு பேரைக் காட்டுக்குள் கூட்டிவந்து மாட்டிவிட்டவள் மட்டும்தான். இதுபோக ராத்திரியில் கேமரா விளக்கு அவர்களுக்கு வெளிச்சமாகவும் இருந்தது என்ற சாதாரணக் காரணமும் உண்டு.

அதனால்தான் அவள் மன்னிப்புக் கேட்கும் காட்சி இத்தனை வருடம் கழித்தும் அப்படியே நிற்கிறது. எத்தனையோ பேர் கேலி செய்து நடித்துக் காட்டிவிட்டார்கள், இருந்தும் அசலைப் பார்த்தால் ஒரு சிரிப்பும் வரவில்லை. இருட்டில் டென்ட்டுக்குள் கேமராவைத் தன் பக்கமே திருப்பிக்கொள்கிறாள். முகம் முழுதாக வரவில்லை, குல்லாவும் ஒரு கண்ணும் மூக்கும்தான் ஃப்ரேமின் ஓரத்தில் தெரிகின்றன, மீதி இருட்டு. கண்ணீர் வழிகிறது, மூக்கு ஒழுகுகிறது, துடைக்கவில்லை. மைக்கின் அம்மாவிடமும் ஜோஷின் அம்மாவிடமும் தன் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்கிறாள், எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு என்கிறாள். படத்தின் தொடக்கத்தில் ஒவ்வொரு ஷாட்டையும் பார்த்துப் பார்த்து வைத்த பெண் இவள். அவள் வைத்த ஃப்ரேம் இப்படிக் கோணிக்கொண்டு கிடக்கிறது என்பதே அவள் எந்த நிலைமையில் இருக்கிறாள் என்பதைச் சொல்லிவிடுகிறது. ஒரு தேர்ந்த ஒளிப்பதிவாளர் இதை எடுத்திருந்தால் வாய், கண் எல்லாம் சரியாக விழுந்திருக்கும், நாமும் நல்ல நடிப்பு என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்போம்.

இன்னொன்று, இதைப் பலர் கவனித்திருக்கமாட்டார்கள். 16 எம்எம் கேமரா தானாகச் சத்தத்தைப் பதிவு செய்யாது, அதற்குத் தனியாக ரெக்கார்டர் வேண்டும். ஹை8-ல் ஒலிவாங்கி சேர்ந்தே இருக்கும். கடைசியில் பாழடைந்த வீட்டுக்குள், அதற்கு முன்பே காணாமல் போய்விட்ட ஜோஷின் குரலைத் தேடி ஓடும்போது மைக்கின் கையில் ஹை8, ஹெதரின் கையில் ஃபிலிம் கேமரா. அதனால் நாம் கேட்கும் சத்தம் முழுக்க மைக்கின் கேமராவிலிருந்து வருவது. ஹெதரின் கேமரா வழியாகப் பார்க்கும்போது அவள் கத்துவது பக்கத்தில் கேட்க வேண்டும் இல்லையா? கேட்காது. எங்கோ தூரத்தில், வேறு மாடியிலிருந்து வருகிற மாதிரி கேட்கும். அவள் படி இறங்கி நிலவறையை நெருங்க நெருங்கத்தான் அவள் குரலே அவளிடம் வந்துசேர்கிறது. முதல் தடவை பார்த்தபோது அந்தக் காட்சி ஏன் வயிற்றைப் பிசைந்தது என்று எனக்குக் காரணம் தெரியவில்லை, ஹெட்போனில் கேட்டபோதுதான் பிடிபட்டது. இப்படி ஒரு கணக்கை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று தெரிந்தும் ஒழுங்காகப் போட்டுவைத்திருக்கிறார்கள். நம்பகத்தன்மை என்பது இப்படிப்பட்ட நேர்மையில்தான் இருக்கிறது. கண்டுபிடிக்காவிட்டாலும் காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

அப்புறம், காட்டாமல் விட்டது. ராத்திரி டென்ட்டை விட்டு அடித்துப் பிடித்து ஓடும்போது ஹெதர் ஒரு பக்கம் பார்த்து, அது என்ன அது என்று அலறுகிறாள். நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. உண்மையில் அங்கே படக்குழுவில் ஒருவர் வெள்ளை உடை உடுத்தித் தலையிலும் வெள்ளைத் துணியை மாட்டிக்கொண்டு கூடவே ஓடினார், கேமரா அந்தப் பக்கம் திரும்பாமல் போய்விட்டது. மறுபடி எடுக்காமல் அப்படியே வைத்தார்கள். நல்ல வேளை. அந்த வெள்ளை உருவம் ஒரு நொடி தெரிந்திருந்தாலும், ஆள் யார், உடை எப்படித் தைத்தார்கள் என்று மூளை வேறு வேலை பார்க்கக் கிளம்பியிருக்கும். கடைசிக் காட்சியிலும் இதே கட்டுப்பாடுதான். மைக் மூலையில் சுவரைப் பார்த்து நிற்கிறான், அவ்வளவுதான். ஒரு கொலைகாரன் குழந்தைகளில் ஒன்றை அப்படி மூலையில் நிற்க வைத்துவிட்டு மற்றதைக் கொன்றான் என்று தொடக்கத்தில் ஊர்க்காரர் ஒருவர் போகிறபோக்கில் சொன்னது ஞாபகம் இருந்தால் போதும்.

படம் வந்தபோது நடந்த விளம்பரத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். காணாமல் போனவர்கள் என்று மூன்று பேர் படத்தோடு நோட்டீஸ் ஒட்டினார்கள், இணையதளத்தில் போலீஸ் விசாரணை ஆவணங்கள் போலச் சிலவற்றைப் போட்டார்கள், படம் வெளியான மாதத்தில் ஸை-ஃபை சேனலில் இதை நிஜமான வழக்கு மாதிரி காட்டும் ஒரு நிகழ்ச்சியையும் ஒளிபரப்பினார்கள். சண்டான்ஸ் திரைப்பட விழாவில் ஆர்ட்டிசன் என்ற விநியோக நிறுவனம் ஏறக்குறைய 11 லட்சம் டாலருக்கு வாங்கிய படம் உலகம் முழுக்கக் கிட்டத்தட்ட 25 கோடி டாலர் வசூலித்தது. அதனால், அந்தக் காலத்தில் ஜனங்கள் நிஜம் என்று நம்பினார்கள், ஓடியது, இப்போது உண்மை தெரிந்துவிட்டது, இனி யாருக்குப் பயம் வரும் என்று ஒரு பேச்சு உண்டு. இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இது உண்மையில் நடந்தது என்று நம்புவது வேறு, இப்படி ஒன்று நடந்தால் இவர்கள் இப்படித்தான் நடந்துகொள்வார்கள் என்று நம்புவது வேறு. முதலாவதைக் கொடுத்தது நோட்டீஸ், அது கிழிந்துபோய் ரொம்ப நாளாகிவிட்டது. இரண்டாவதைக் கொடுப்பது படம், இப்போது புதிதாகப் பார்க்கிறவருக்கும் கொடுக்கிறது.

முதலாவதை மட்டும் நம்பி எடுத்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு 1980-ல் வந்த இத்தாலியப் படம் ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’ ஒன்றே போதும். நடிகர்களை உண்மையிலேயே கொன்றுவிட்டார் என்ற சந்தேகத்தில் இயக்குநர் ரூஜெரோ டியோடாடோ மீது வழக்கு வந்தது, அவர்கள் உயிரோடு இருப்பதைக் காட்டித்தான் அதிலிருந்து வெளியே வந்தார். மனிதர்கள் சாகவில்லை, ஆனால் அந்தப் படத்தில் மிருகங்களைக் கேமரா முன்னால் நிஜமாகவே கொன்றார்கள். பார்க்கிறவனை நம்ப வைக்க இந்த விலை கொடுத்த ஒரு படத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன், அதன் சரித்திர முக்கியத்துவத்தைப் பற்றி எத்தனை பேர் எவ்வளவு எழுதினாலும் சரி.

‘பிளேர் விட்ச்’சும் விலை கொடுக்காமல் வந்த படம் இல்லை, அந்த விலை நடிகர்கள் தலையில் விழுந்தது. செத்துப்போனவர்களாக விளம்பரம் செய்ததால் படம் ஓடத் தொடங்கிய நேரத்தில் அவர்களால் வெளியே முகம் காட்ட முடியவில்லை. ஹெதர் டோனஹ்யூவின் அம்மாவுக்கு அனுதாபக் கடிதங்கள் வந்தன. அந்த வருடத்தின் மிக மோசமான நடிகை என்று ராஸி விருதை அவருக்குத்தான் கொடுத்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. எரிச்சலூட்டும், பிடிவாதம் பிடித்த, பொறுப்பை ஏற்கப் பயந்த ஒரு பெண்ணை அவர் அவ்வளவு நிஜமாகச் செய்தார், ஜனங்கள் அதை நடிப்பு என்றே எண்ணாமல் அவரையே அப்படிப்பட்டவர் என்று எடுத்துக்கொண்டார்கள். வேறு எந்த வகைப் படத்தில் இதைச் செய்திருந்தாலும் கைதட்டு கிடைத்திருக்கும். 2024-ல், இந்தக் கதையைப் புதிதாக மறுபடி எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்ததும், மூன்று நடிகர்களும் இப்போது படத்தின் உரிமையை வைத்திருக்கும் லயன்ஸ்கேட் நிறுவனத்திடம் தங்களுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கேட்டும், இனி எடுப்பதில் தங்களைக் கலந்துகொள்ளச் சொல்லியும் வெளிப்படையாக எழுதினார்கள். சொந்தப் பெயர், சொந்த முகம், சொந்தமாகப் பேசிய வசனம், சொந்தமாகப் பிடித்த கேமரா, இதில் அவர்கள் கேட்டதை விடக் குறைவாக யாரும் கேட்க முடியாது.

குறை இல்லாத படம் என்று சொல்லமாட்டேன். நடுவில் சண்டைகள் ஒரே சுருதியில் திரும்பத் திரும்ப வருகின்றன, ஒரு பத்து நிமிடத்தைத் தாராளமாகக் குறைத்திருக்கலாம். குச்சிகளைக் கட்டித் தொங்கவிட்ட பொம்மைகளை விடக் காலையில் டென்ட்டுக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கும் மூன்று கற்குவியல்கள்தான் பயமுறுத்துகின்றன, பொம்மைக்கு இவ்வளவு பேர் கிடைத்தது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. பெரிய ஓட்டை வேறு. கிடைத்த டேப்பையும் ஃபிலிமையும் வரிசைப்படுத்தி, இரண்டு கேமரா காட்சிகளை மாற்றி மாற்றி ஒட்டி, இவ்வளவு கச்சிதமாக ஒரு படமாக்கியது யார்? படத்துக்குள் பதில் இல்லை. 1897-ல் பிராம் ஸ்டோக்கர் ‘டிராகுலா’வை முழுக்க நாட்குறிப்பு, கடிதம், ஒலிப்பதிவு என்று எழுதியபோது, அவற்றையெல்லாம் தட்டச்சு செய்து தேதி வாரியாக அடுக்குகிறவளாக மீனா என்ற பாத்திரத்தைக் கதைக்குள்ளேயே வைத்துவிட்டார். நூறு வருடம் கழித்து வந்த இவர்கள் அந்தக் கவலையை விட்டுவிட்டார்கள். படம் ஓடும்போது இது உறுத்துவதில்லை, முடிந்த பிறகு உறுத்துகிறது.

2016-ல் ‘பிளேர் விட்ச்’ என்ற பெயரில் ஆடம் விங்கார்ட் எடுத்த தொடர்ச்சி வந்தது. காணாமல் போன ஹெதரின் தம்பி அக்காவைத் தேடிப் போகிறான். இந்தத் தடவை எல்லார் காதிலும் மாட்டிக்கொள்ளும் குட்டிக் கேமரா, பறக்கவிட ட்ரோன். அதாவது கேமராவை ஏன் கீழே போடவில்லை என்று இனி யாரும் கேட்கவே முடியாது, அது தலையோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. தர்க்கப்படி ஓட்டை முழுசாக அடைபட்டுவிட்டது. ஆனால் படம் நம்பும்படி இல்லை. கேமரா யாருடைய முடிவும் இல்லை என்று ஆனதும், யார் பார்க்கிறார்கள், ஏன் பார்க்கிறார்கள் என்பதே கரைந்துபோய், ஓடுகிற தலைகளின் குலுக்கல் மட்டும் மிஞ்சுகிறது. அதோடு ஒவ்வொரு சின்னத் திடுக்கிடலுக்கும் காதைப் பிளக்கும் சத்தம் சேர்த்து, உருவத்தையும் காட்டிவிடுகிறார்கள். ஹெதர் பிடிவாதமாகக் கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு தவறு, அந்தத் தவறுதான் அவளை ஒரு மனுஷியாக நிறுத்தியது. இதில் யாருக்கும் அப்படித் தவறு செய்ய வாய்ப்பே கொடுக்கவில்லை.

இதே கேள்விக்கு நல்ல பதில் வைத்திருக்கும் மற்ற படங்களும் உண்டு. பார்சிலோனாவில் எடுத்த ஸ்பானியப் படம் ‘ரெக்’ (2007) எனக்கு அடுத்தபடியாகப் பிடித்தது. தீயணைப்பு வீரர்களோடு போகும் டிவி நிருபரும் கேமராக்காரரும் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள், வெளியிலிருந்து அரசாங்கம் கதவைச் சாத்திவிடுகிறது. எல்லாவற்றையும் எடு, ஒன்றையும் விடாதே என்று அவள் கத்துவதற்கு அருமையான காரணம் இருக்கிறது, உள்ளே என்ன நடந்தது என்பதற்கு அந்த டேப்தான் சாட்சி. நிருபராக நடித்த மனுவேலா வெலாஸ்கோ நிஜத்திலும் டிவி தொகுப்பாளர், அந்தக் குரலை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஓரன் பெலி சொந்த வீட்டில் ஏறக்குறைய 15,000 டாலரில் எடுத்த ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ கேமராவைப் படுக்கையறையில் ஸ்டாண்டில் நிறுத்திவைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறது, ராத்திரியில் ஒரு பெண் கட்டிலுக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் சும்மா நிற்பதை வேகமாக ஓட்டிக் காட்டும் இடம் ஒன்றுக்கே அந்தப் படத்தைப் பார்க்கலாம். அதன் மூன்றாம் பாகத்தில் ஆடும் மின்விசிறியின் மேல் கேமராவைக் கட்டிவைத்தது நல்ல யோசனை. ஆனால் பாகத்துக்குப் பாகம் இப்படிப் புதுச் சாக்கு தேடிக்கொண்டிருந்ததில் வீட்டிலிருக்கும் மனுஷர்களை மறந்துவிட்டார்கள். ‘க்ளோவர்ஃபீல்ட்’ (2008) எனக்கு ஒட்டவில்லை, நண்பன் ஒருவன் நியூயார்க் முழுக்க ஓடிக்கொண்டே ஒன்றையும் தவறவிடாமல் எடுப்பதை நம்ப முடியவில்லை. ஊரடங்கு நேரத்தில் வந்த ‘ஹோஸ்ட்’ (2020) முழுக்க ஒரு ஜூம் அழைப்பு, நடிகர்கள் அவரவர் வீட்டில் அவரவரே விளக்கு வைத்து எடுத்தது, ஒரு மணி நேரம்கூட ஓடாது, தயங்காமல் பாருங்கள்.

‘பிளேர் விட்ச்’ பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். படம் பழைய டிவி மாதிரி சதுரவாக்கில்தான் இருக்கும், திரையை நிரப்புகிறேன் என்று இழுத்துவிடாதீர்கள், ஹெதரின் அந்தப் பாதி முகம் கெட்டுப்போகும். ஹெட்போன் கட்டாயம். வசனத்துக்கு மட்டும் சப்டைட்டில் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், சத்தங்களையும் எழுத்தில் போடுவது வேண்டாம். இருட்டுக்குள் கேட்பது குழந்தையா, காற்றா, மிருகமா என்று நாம் தவிக்க வேண்டிய நேரத்தில் கீழே பதில் எழுதிவந்தால் அந்த ராத்திரியே வீண். நான் சந்தா கட்டும் ஒரு ஓடிடியில் டென்ட் குலுங்கும் காட்சிக்கு நடுவில் சமையல் எண்ணெய் விளம்பரம் போட்டார்கள், விளம்பரம் இல்லாமல் பார்க்க வழி இருந்தால் அப்படிப் பாருங்கள். கேமரா ஆட்டத்தில் சிலருக்குக் குமட்டல் வரும், 1999-ல் தியேட்டரிலேயே வந்திருக்கிறது, பெரிய டிவியாக இருந்தால் நன்றாகப் பின்னால் தள்ளி உட்காருங்கள். சின்னத் திரையில் அவ்வளவு தொந்தரவு இருக்காது.

பிடித்திருந்தால் அடுத்தது 2008-ல் வந்த ஆஸ்திரேலியப் படம் ‘லேக் மங்கோ’. ஆலிஸ் என்ற பதினாறு வயதுப் பெண் அணையில் மூழ்கி இறந்துபோகிறாள், வீட்டுக்காரர்கள் கேமரா முன்னால் உட்கார்ந்து நிதானமாகப் பேசுகிறார்கள், யாரும் ஓடுவதில்லை, கத்துவதில்லை. அவள் உருவம் தெரிவதாக ஒரு படம் காட்டி நம்மை நடுங்க வைத்துவிட்டு, அது போலி என்று படமே நிரூபிக்கிறது. நம்பியது தப்பு என்று நாம் தளர்ந்து உட்கார்ந்த பிறகுதான் உண்மையான ஒன்றைக் கொண்டுவருகிறது, அதற்குள் மறுக்கும் தெம்பு நமக்குத் தீர்ந்துவிடுகிறது. மெதுவாகப் போகும், முதல் அரை மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் அணைத்துவிட வேண்டாம், முன்பு பார்த்த படங்களை அங்கே மறுபடி காட்டுகிறார்கள், இந்தத் தடவை ஆட்களை விட்டுவிட்டுப் பின்னணியைப் பாருங்கள்.